நவம்பர் 1: பிள்ளையை அனுப்பலாமா? டீச்சரிடம் கேளுங்கள்

(அக்டோபர் 2021. பதில் சொல்பவர், கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கொரோனாவால் மூடிய பள்ளிகளில், நவம்பர் 1-ஆம் தேதி கேரளத்தில் ஒன்று முதல் ஏழு வரையும் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும் திறக்கின்றன. அதே நாளில் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை திறக்கிறார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே தேதி அமைந்துவிட்டதால், இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் பையன் ரெண்டாம் கிளாஸ். சேர்த்ததிலிருந்து ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்ததில்லை. இப்போது சம்மதக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. "பெரிய பசங்க முதல்ல போகட்டும், இவன் அடுத்த ஜூன்ல போனாப் போதும்" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கும் பயம்தான். ஆனால் இப்படியே வீட்டில் இருந்தால் என்ன ஆவானோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், வேலந்தாவளம்

பதில்: அம்மணி, அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். உங்கள் வீட்டுக்காரரின் பயத்தையும் தள்ளிவிடாமல் பேச வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரியவர்கள் முதலில், சின்னது பிறகு என்று நினைப்பது பெற்ற மனசுக்கு இயல்பு. அரசாங்கங்களும் அப்படித்தான் செய்தன. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பரீட்சை இருக்கிறது, அதனால் அவர்களை முதலில் கூப்பிட்டார்கள். ஆனால் இந்த நோய் பார்க்கும் வரிசை வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் லேசாக வந்து போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஜூன், ஜூலையில் நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போன அடையாளம் இருந்தது. திறப்பதென்றால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று அதன் தலைவர் பல்ராம் பார்கவாவே சொன்னார்.

நம் கேரளக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே தொற்று மெல்லத்தான் பரவியது. மாநில அரசு தனியாகச் செய்த ஆய்வில் பெரியவர்களில் 82 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி தெரிந்தது. அதில் தடுப்பூசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஐந்திலிருந்து பதினேழு வயது வரை பார்த்தால் 40 சதவீதம்தான். அதாவது நம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இன்னும் அந்தக் கிருமியைப் பார்க்கவில்லை. பள்ளி திறந்தால் சிலருக்கு வரும். காய்ச்சல், சளி, இரண்டு மூன்று நாள் சோர்வு என்று பெரும்பாலும் போய்விடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தொற்று வந்து போன சில வாரம் கழித்து, விடாத காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, வயிற்று வலி, வாந்தி என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வமாக வருவது, சீக்கிரம் போனால் குணப்படுத்தக் கூடியது.

அப்புறம் உங்கள் மாமியார். பையனைவிட எனக்கு அவர்களைப் பற்றித்தான் கவலை. கடிதத்தில் சர்க்கரை, பிரஷர் எழுதியிருக்கிறீர்கள், ஊசி போட்டாரா என்று எழுதவில்லை. இரண்டு தவணையும் போடவில்லை என்றால், பையனின் சம்மதக் கடிதத்துக்கு முன்னால் அந்த வேலையை முடியுங்கள். பையன் பாட்டியோடு படுக்கிறவன் என்றால் பள்ளி தொடங்கும் அன்றிலிருந்து பாயை உங்கள் அறைக்கு மாற்றுங்கள். வந்ததும் கைகால் கழுவி, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் பாட்டியிடம் போக வேண்டும். அவனுக்குத் தும்மல் இருந்தால்கூட அந்த இரண்டு நாள் பாட்டிக்குச் சோறு கொண்டுபோவது உங்கள் வேலை.

இனி வீட்டில் இருந்தால் என்ன ஆவான் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் தெருவில் உங்கள் பையன் வயதில் ஒருவன் இருக்கிறான். நல்ல சூட்டிகையான பிள்ளை. பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்தால் "மரம், மயில், மணி" என்று தடையில்லாமல் சொல்வான். படத்தை என் உள்ளங்கையால் மூடிவிட்டு எழுத்தை மட்டும் காட்டினேன். வாய் அப்படியே நின்றுவிட்டது. அவன் இத்தனை நாள் படத்தைத்தான் படித்திருக்கிறான். ஃபோனில் பாடம் எடுத்த டீச்சருக்கு அது தெரிய வழியில்லை, ஏனென்றால் அவன் சொன்ன விடை எல்லாம் சரி. வகுப்பில் பக்கத்தில் நின்று பார்க்கிறவளுக்கு முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். பெரிய வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றரை வருஷம் போனால் பாடம் போகும், அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இந்தச் சின்னதுகளுக்குப் போனது எழுத்து. எழுத்து வராமல் மூன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை, அங்கே பேசாமல் கடைசி பெஞ்சில் உட்காரப் பழகிக்கொள்ளும். அதைத்தான் நான் சர்வீஸ் முழுக்கப் பார்த்துப் பயந்திருக்கிறேன். அடுத்த ஜூன் வரை தள்ளாதீர்கள்.

கேள்வி: சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது எதற்கு? நாளைக்கு ஏதாவது ஆனால் "நீங்கதானே ஒப்புக்கொண்டீங்க" என்று நம் தலையில் கட்டவா? பெற்றோர் கருத்து கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பொறுப்பைக் கைகழுவுகிறார்கள் என்று தோன்றுகிறது.
– ஒரு தகப்பனார், கோபாலபுரம்

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கையெழுத்துப் போடுங்கள், போட்ட பிறகும் கேள்வி கேளுங்கள். பிள்ளை பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை பள்ளிக்கூடத்துடையது. நீங்கள் கையெழுத்துப் போட்டதால் அது குறைந்துவிடாது. வர விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்காகவும்தான் அந்தக் கடிதம்.

கருத்துக் கேட்கும் முறையில் எனக்கும் மனக்குறை உண்டு. போன வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளிகளுக்கு வரச் சொல்லி, 16-ஆம் தேதி திறக்கலாமா என்று கேட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் இருக்கும் என் தங்கையும் போயிருந்தாள். திறக்கலாம், வேண்டாம், இரண்டில் ஒன்று. பேசியவர்கள் பேசினார்கள், கலவையான கருத்து வந்தது, திறப்பு தள்ளிப்போனது. ஜனவரியில் திரும்பவும் கேட்டு, 19-ஆம் தேதி பத்தையும் பன்னிரண்டையும் மட்டும் திறந்தார்கள்.

தங்கை சொன்னதில் ஒன்று என் மனதிலேயே நிற்கிறது. தென்னைநார் மில்லுக்குப் போகிற அம்மாக்கள் ஒருத்தர்கூட அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தால் அன்றைய கூலி போய்விடும். வீட்டில் தனியாக இருப்பது அவர்கள் பிள்ளைகள்தான், ஃபோன் இல்லாததும் பெரும்பாலும் அந்த வீடுகளில்தான். வேண்டாம் என்று உரக்கச் சொன்னவர்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் டியூஷனும் இருந்தன. அவர்கள் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வி "திறக்கலாமா வேண்டாமா" அல்ல என்பது என் உறுதியான எண்ணம். "என்ன செய்து கொடுத்தால் தைரியமாக அனுப்புவீர்கள்?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பதிலும் வேலைக்கு உதவுவதாக வரும். ஒரு தாய் ஆட்டோவைப் பற்றிச் சொல்வாள், ஒருத்தர் கக்கூஸைப் பற்றிச் சொல்வார், ஒரு பாட்டி தண்ணீர்த் தொட்டியைக் கேட்பார். எல்லாமே செய்து கொடுக்கக் கூடிய காரியங்கள்.

பள்ளி கேட்கவில்லை என்றால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இங்கே கேரளத்தில் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டம் நடக்கிறது, உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் நாலு பெற்றோர் சேர்ந்து நேரில் போய்ப் பாருங்கள். ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடம். நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனபோது ஃபேன் மூடிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது, மேல்தொட்டியில் வேப்பிலை மக்கிக் கிடந்தது. இரண்டையும் அன்றைக்கே சுத்தம் செய்தார்கள். ஓடு, உத்தரம், புதர், பாம்புப் பொந்து எல்லாம் பாருங்கள். முக்கியமாகச் சன்னல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கும் புழுதிக்கும் பயந்து வகுப்புச் சன்னலைச் சாத்தி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. இந்த நோய்க்குச் சாத்திய அறைதான் ஆபத்து. துருப்பிடித்து இறுகிப்போன கொக்கிகளை எல்லாம் எண்ணெய் விட்டுத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். தெர்மாமீட்டர் காட்டுவதைவிட அது பெரிய காரியம்.

கேள்வி: வீடு கேரள எல்லைக்குள், பையன் ஏழாம் வகுப்பு படிப்பது தமிழ்நாட்டில். பஸ் எல்லை தாண்டிப் போவதில்லை. சாவடியில் ஒரு நாள் விடுகிறார்கள், ஒரு நாள் சான்று கேட்கிறார்கள். தினமும் எப்படி அனுப்புவது?
– வடகரப்பதி வாசகர்

பதில்: இந்தக் கஷ்டம் திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது, சென்னையில் இருப்பவர்களுக்கும் தெரியாது. கேரளத்திலிருந்து வருகிறவர்கள் தொற்று இல்லை என்ற ஆர்டிபிசிஆர் பரிசோதனைச் சான்றோ இரண்டு தவணை ஊசிச் சான்றோ காட்ட வேண்டும் என்று ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாடு விதி வைத்தது. அப்போது கேரளத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்தது, மாதக் கடைசியில் நாளுக்கு 30,000-ஐத் தாண்டியது, அதனால் விதியில் நியாயம் உண்டு. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் ஊசிச் சான்றுக்கு எங்கே போவான்? அவன் வயதுக்கு ஊசியே போடத் தொடங்கவில்லை. வாரா வாரம் மூக்கில் குச்சி விட்டுச் சான்று வாங்குவது ஒரு கூலி வீட்டுக்கு ஆகிற காரியமா?

பள்ளித் தலைமையாசிரியரிடம் பையனின் பெயர், வகுப்பு, வீட்டு முகவரி, வரும் நாள்கள் எல்லாம் போட்டு முத்திரையோடு கடிதம் வாங்குங்கள். உங்களைப் போல எத்தனை வீடுகள் என்று கணக்கெடுத்து, பஞ்சாயத்து மெம்பரையும் கூட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்க் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தனித்தனியாகச் சாவடியில் நின்று கெஞ்சுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இப்போது வருகை கட்டாயம் இல்லை, அதனால் நாலு நாள் போக முடியாமல் போனால் பேர் போய்விடும் என்று கலங்க வேண்டாம். பஸ்ஸைப் பொறுத்தவரை, இறங்கி எல்லையை நடந்து தாண்டி அடுத்த பஸ் ஏறுவதுதான் இன்றைக்கு உள்ள வழி. பையனைத் தனியே விடாமல், முறை வைத்து ஒரு பெரியவர் கூடப் போகட்டும்.

கேள்வி: நான் ப்ளஸ் ஒன். எங்களுக்கு மட்டும் பரீட்சை வைத்தார்கள். பொள்ளாச்சியில் இருக்கும் மாமா பொண்ணு ஆல் பாஸ். இது என்ன நியாயம் டீச்சர்?
– ஒரு மாணவி, சித்தூர்

பதில்: கண்ணு, நீ இந்த மாதம் உட்கார்ந்து எழுதி முடித்திருக்கிறாய், முதலில் அதற்கு என் வாழ்த்து. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், செப்டம்பர் 17-ஆம் தேதி அனுமதி வாங்கி நடந்த பரீட்சை அது. உன் மாமா பொண்ணுக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. தமிழ்நாட்டில் ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாருக்கும் தேர்ச்சி என்று பிப்ரவரி 25-ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொட்ட பிள்ளை குறைவு. அவள் இப்போது ப்ளஸ் டூ பாடத்தில் திணறிக்கொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் போட்டு இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போடுங்கள். பாடநூல் வேறு என்றாலும் முக்கோணவியல் ஒன்றுதான்.

கேள்வி: பேத்தி மூன்றாம் வகுப்பு, தமிழ்வழி. ஃபோன் ஒன்றுதான், மகன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். அதனால் டிவியில் தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சியைப் போட்டு உட்கார வைத்தேன். இப்போது புத்தகத்தைப் பார்த்தால் ஒன்றும் ஒத்துப்போகவில்லை என்கிறாள்.
– எருத்தேம்பதி வாசகர், வயது 68

பதில்: ஐயா, நீங்கள் செய்தது வீண்போகவில்லை. பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் நல்ல தமிழ் கேட்டிருக்கிறாள். ஆனால் நம் பிள்ளைகளின் புத்தகம் தமிழில் அச்சடித்திருந்தாலும் பாடத்திட்டம் கேரளத்துடையது. கல்வித் தொலைக்காட்சி சொல்லித் தருவது தமிழ்நாட்டுப் பாடநூல். ஒத்துப்போகாது. கேரள அரசின் விக்டேர்ஸ் கல்விச் சேனலில் போன வருஷம் ஜூன் 1-ஆம் தேதி ஃபர்ஸ்ட் பெல் என்ற பாட நிகழ்ச்சி தொடங்கியபோது தமிழ்வழிக்கும் வகுப்புகள் தயாரித்தார்கள், யூடியூபில் கிடைக்கின்றன. ஃபோனை மகன் கொண்டுபோய்விட்டால் அதுவும் எட்டாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பள்ளி திறக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பாடம் எங்கே விட்டுப்போனது என்று இப்போது தேட வேண்டாம். சாயங்காலம் நாளிதழை எடுங்கள், ஒரு தலைப்பை அவள் வாசிக்கட்டும். தடுமாறினால் அந்த எழுத்தைப் பலகையில் நீங்கள் எழுதுங்கள், கீழே அவள் எழுதட்டும். ஒற்றெழுத்தும் ஒகரமும்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விட்டுப்போயிருக்கும். கடைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டுபோய்ச் சில்லறைக் கணக்கை அவளிடமே விடுங்கள். தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி என்று, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் தெருவிலேயே சொல்லித் தரும் திட்டம் தொடங்குகிறார்கள். ஒன்றிலிருந்து எட்டு வகுப்பு வரை. அரசு நம் பக்கமும் இப்படி ஒன்று செய்தால் நல்லது. அது வரும்வரை ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் எங்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறோம். எருத்தேம்பதியிலும் ஓய்வு பெற்ற மாஷ்மார் (வாத்தியார்கள்) இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஊசி வரும்வரை பொறுத்தால் என்ன? இவ்வளவு நாள் பொறுத்தோம், இன்னும் ஆறு மாதம்.
– கோவிந்தாபுரம் வாசகி

பதில்: பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு ஊசிக்கு ஆகஸ்டில் அனுமதி கிடைத்திருக்கிறது, கோவாக்சினை இரண்டு வயதிலிருந்து போடலாம் என்று இந்த மாதம் நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் இன்றைய தேதியில் ஒரு பிள்ளைக்குக்கூடப் போடத் தொடங்கவில்லை. முதலில் பெரிய பிள்ளைகளுக்குத்தான் வரும். உங்கள் ஆறு மாதம் சின்னதுகளுக்கு ஒரு வருஷமாகவும் ஆகலாம். பிள்ளையைச் சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வதுதான் இப்போது பிள்ளைக்குக் காவல். கேரளத்தில் போடத் தகுதியானவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் முதல் தவணை போட்டாகிவிட்டது. உங்கள் வீட்டில் யாராவது பாக்கி இருந்தால் அவர்களைக் கூட்டிப் போங்கள். இருதயக் கோளாறோ வேறு பெரிய நோயோ இருக்கும் பிள்ளை என்றால் விஷயம் வேறு, வைத்தியம் பார்க்கும் டாக்டர் சொன்ன பிறகு அனுப்புங்கள்.

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நாள் முழுக்க மாஸ்க் போட்டிருக்குமா?
– மீனாட்சிபுரம் வாசகி

பதில்: நாள் முழுக்க வேண்டியதில்லை. இங்கே முதலில் மதியம் வரைதான் வகுப்பு, அதுவும் பாதிப் பிள்ளைகள் மூன்று நாள், மீதிப் பேர் அடுத்த மூன்று நாள். இப்போதே வீட்டில் கார்ட்டூன் பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். மெல்லிய பருத்தித் துணி, காதில் இறுக்காத கயிறு. நனைந்துவிடும், அதனால் பையில் இன்னொன்று, பெயர் தைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: மதியம் வரை என்றால் சோறு உண்டா டீச்சர்? காலையில் ஆறு மணிக்கே தோட்ட வேலைக்குப் போய்விடுவேன்.
– ஒழலப்பதி வாசகி

பதில்: உண்டு அம்மணி. மதிய உணவு கொடுத்துத்தான் அனுப்புவார்கள். தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து கொடுத்து விடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள். உங்களுக்குக் காலையில் நேரம் இல்லை என்றால் முந்தின ராத்திரியே நிரப்பி வையுங்கள். நீங்கள் வேலை முடிந்து வரும்வரை பிள்ளை எந்த வீட்டில் இருக்கும் என்று ஒன்றாம் தேதிக்கு முன்னாலேயே வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். யார் வந்து கூட்டிப் போவார்கள் என்று அவர்கள் நோட்டில் பெயர் எழுதி வைத்துக்கொள்வார்கள்.